நாற்றை வெளியில் பழக்குதல்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பாடசாலைத் தோட்டக் குழுவின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



நிகழ்ச்சி நிரலில் எங்களுக்குப் பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். தோட்டக் குழுவில் நாங்கள் ஐந்து பேர். ஐவரும் சேர்ந்து எழுதியதை ஒருவர் வாசிக்கிறார். தவறு இருந்தால் ஐவருக்கும் பங்குண்டு.

இந்த உரைக்குத் தலைப்புக் கொடுத்தவுடன் விழாக் குழுவிலிருந்து ஓர் அக்கா தொலைபேசியில் வந்தார். "நாற்றையும் நம் பெண்பிள்ளைகளையும் ஒப்பிட்டு இரண்டு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள், நன்றாக இருக்கும்" என்றார். பணிவுடன் மறுத்துவிட்டோம். பரிசளிப்பு விழா மேடைகளில் அந்த ஒப்புமையை நாம் எல்லோரும் போதிய அளவு கேட்டாயிற்று. இன்று நாங்கள் பேசப்போவது நிஜ நாற்றுகளைப் பற்றி: கோவா, லீக்ஸ், தக்காளி, கறிமிளகாய். எங்கள் கையால் நாங்கள் சாகடித்த நாற்றுகளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

2022ஆம் ஆண்டை யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அதற்கு முந்திய வருடம் மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். நவம்பரில் தடை நீங்கியது. ஆனால் உரம் பழைய விலைக்குத் திரும்பவில்லை. பிறகு காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. நாட்டுக்கே மரக்கறி அனுப்பும் நுவரெலியா மாவட்டத்தில், லயத்துப் பிள்ளைகள் வெறும் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தார்கள். ஒரு நாள் பேர் போட்டால் ஆயிரம் ரூபா; அதில் அரைக் கிலோ போஞ்சி வாங்கக்கூட அம்மாமார் யோசித்தார்கள். அப்போதுதான் சங்கத்தின் வெளிநாட்டுக் கிளைகள் பணம் அனுப்பின. நாங்கள் பாடசாலைத் தோட்டத்தைத் திரும்ப ஆரம்பித்தோம். நாற்று உற்பத்தி செய்து, பிள்ளைகள் மூலம் வீடுகளுக்குக் கொடுப்பது திட்டம். லயத்துக்கு முன்னாலும் பின்னாலும் எல்லோருக்கும் கொஞ்சம் நிலம் இருக்கிறதே. உறுதி இல்லாத நிலம்தான், ஆனாலும் கோவா காய்க்கும்.

பழைய இரசாயன ஆய்வுகூடம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கிழக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி யன்னல். மேசைகளை யன்னலோரமாக இழுத்துப் போட்டு, யோகட் கப்பிலும் நாற்றுத் தட்டிலும் விதை போட்டோம். குளிர் இல்லை, காற்று இல்லை, நத்தை இல்லை. கோவா நாற்று நான்கு இலையோடு தளதளவென்று நின்றது. தக்காளி ஒரு சாண் உயரம். படம் எடுத்து எல்லா வட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பினோம். லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் இதயம் இதயமாக வந்து குவிந்தது.

2023 தைப்பொங்கலுக்கு முந்திய வாரம் நாற்றுகளைக் கொடுத்தோம். மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, லிந்துலை, அந்தப் பக்கம் நானுஓயா, கந்தப்பளை என்று அறுபது வீடுகளுக்குப் போயின. பொங்கல் கழிந்து பிள்ளைகள் திரும்பி வந்தபோது ஒருவரும் நாற்றைப் பற்றிப் பேசவில்லை. நாங்களாகக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். முக்கால்வாசிக்கு மேல் செத்துவிட்டது.

உடனே எல்லோரும் உறைபனி என்றார்கள். நாங்களும் அப்படியே நம்பினோம். தை, மாசியில் நுவரெலியாக் குதிரைப் பந்தயத் திடல் விடியற்காலையில் வெள்ளையாகக் கிடப்பதைப் பத்திரிகையில் படம் போடுகிறார்கள். அந்த மாதத்தில் நாற்றுக் கொடுத்தது எங்கள் மடத்தனம் என்று முடிவு கட்டினோம். ஆனால் ஒரு தங்கை, அவள் விஞ்ஞான ஆசிரியை, விடவில்லை. "கந்தப்பளையில் செத்தது சரி. மஸ்கெலியாவில் அந்த வாரம் உறைபனியே விழவில்லையே, அங்கே ஏன் செத்தது?" என்று கேட்டாள்.

பதில் தெரியவில்லை. அதனால் வீடு வீடாகப் போனோம்.

அந்தப் பயணத்தை நீட்டிச் சொல்ல மனமில்லை. ஒரே ஒரு வீட்டைச் சொல்கிறோம். அந்த அம்மா தன் லயத்துக்குப் பின்னால் இருந்த பாத்தியில் காய்த்துக்கொண்டிருந்த போஞ்சிக்கொடியைப் பிடுங்கிவிட்டு எங்கள் கோவாவை நட்டிருந்தார். பாத்தி கொத்த ஒருநாள் அரைப் பேரையும் விட்டிருக்கிறார். "பள்ளிக்கூடத்தில குடுத்த கன்னாச்சே, நல்ல கன்னா இருக்கும்னு நெனச்சேன்" என்றார். கோபமே இல்லை. தேத்தண்ணி போட்டுத் தந்தார். அவருடைய பாத்தியில் இருபத்து நான்கு கோவா நாற்றும் கடதாசி மாதிரி வெள்ளையாகக் காய்ந்து, பாதிக்கு மேல் கழுத்தில் மடிந்து கிடந்தன. திரும்பி வரும்போது பஸ்ஸில் நாங்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை.

கவனித்துப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. இலை கருகிக் கறுத்த நாற்றுகள் உயரத்துத் தோட்டங்களில் மட்டும் இருந்தன. மற்ற இடங்களில் இலை வெளிறி, பிறகு காய்ந்திருந்தது. அது உறைபனியின் வேலை அல்ல.

அந்த வாரம் ரொறன்ரோவில் இருக்கும் ஓர் அக்காவிடம் கேட்டோம். அவர் ஒவ்வொரு வருடமும் மாசியில் வீட்டுக்குக் கீழே நிலவறையில் விளக்கு வைத்துக் கத்தரியும் மிளகாயும் முளைக்கப் போடுகிறவர். சிரித்துவிட்டார். "நேரே வெளியில வைச்சிட்டீங்களா? இங்க மே மாதம் விக்டோரியா தினம் வரும்வரை நிலத்தில நடமாட்டோம். அதுக்கு முந்தி பத்து நாள் கன்றுகளைத் தூக்கி வெளியில வைக்கிறதும் உள்ளுக்கு எடுக்கிறதும்தான் என்ட வேலை. முதல் நாள் ஒரு மணித்தியாலம், அதுவும் நிழலில" என்றார்.

கடல் தாண்டிப் போய் விசாரித்த பிறகுதான், வாசலிலேயே பதில் இருந்ததைக் கண்டுகொண்டோம். எங்கள் மாணவி ஒருத்தியின் அம்மாயி முப்பது வருடம் தேயிலைத் தவறணையில் வேலை செய்தவர். (கொழும்பில் பிறந்த பிள்ளைகளுக்கு: இது கள்ளுத் தவறணை அல்ல, கன்று வளர்க்கும் தவறணை. "தவறணைக்குப் போகிறோம்" என்று ஒரு சின்னவள் வீட்டில் சொல்லி, அவளுடைய அப்பா பதறியடித்துப் பாடசாலைக்கு ஓடிவந்தது தனிக் கதை.) அம்மாயியிடம் செத்த நாற்று ஒன்றைக் காட்டினோம். வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்னா டீச்சர், பொலித்தீனத் தொறந்த அன்னைக்கே யாராச்சும் கன்ன வெயில்ல வப்பாங்களா?"

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ளத் தேயிலைத் தவறணையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கு நடந்தோம். ஆனால் உள்ளே எட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்? முன்பு தேயிலையை விதை போட்டுத்தான் வளர்த்தார்கள். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம், 1925இல் ஆரம்பித்தது, ஏறக்குறைய நம் சங்கத்தின் வயதுதான், அங்கே தெரிவு செய்து பெருக்கிய இனங்கள் பரவிய பிறகு தண்டுத் துண்டத்திலிருந்து கன்று எடுப்பது வழக்கமாயிற்று. தோட்டத்தில் வீ.பி. என்கிறோமே, அதுதான். ஒரே ஓர் இலையும் சிறிது தண்டும் உள்ள துண்டத்தை, மண் நிரப்பிய பொலித்தீன் பைக்குள் குத்துவார்கள். வேரே இல்லாத துண்டம். இலையிலிருந்து நீர் போனால் ஈடுகட்ட வழி கிடையாது. அதனால் வளைத்த குச்சிமேல் பொலித்தீன் மூடி, உள்ளே புழுங்கும் ஈரத்தில் வைப்பார்கள். அதற்கு மேலே நிழல். அந்தக் காலத்தில் சிங்களத்தில் கெக்கில்ல எனப்படும் பன்னத்தை வெட்டிவந்து பாத்திமேல் குத்துவார்கள். பிறகு தென்னந்தும்புப் பாய் வந்தது, வலை வந்தது.

வேர் பிடித்ததும் வருகிறது அம்மாயியின் வேலை. பொலித்தீனை ஒரே நாளில் உரிக்கக்கூடாது. முதலில் இரண்டு முனையையும் மட்டும் திறக்க வேண்டும். சில நாள் கழித்து ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிவிட வேண்டும். மந்தாரமான நாளாகப் பார்த்து முழுதும் எடுக்க வேண்டும். அதன்பின் நிழலைக் குறைப்பது. பன்னம் தானாகவே காய்ந்து இலை உதிர உதிர, வெயில் நாளுக்கு நாள் கூடும். "அந்தச் செடிக்கு அறிவு இருக்கு டீச்சர், அதுவா கொஞ்சம் கொஞ்சமா வெயில வுடும்" என்றார் அம்மாயி. மலைக்குப் போகுமுன் கன்று பல வாரம் திறந்த வெளியில் நிற்க வேண்டும். அப்படி நிற்காத கன்றை மலையில் வைத்தால், வைத்த கையோடு திரும்ப வைக்க வேண்டிவரும் என்றும் சொன்னார்.

இதற்குப் பாடப்புத்தகத்தில் "வன்மைப்படுத்தல்" என்று பெயர். நாங்கள் ஐவரும் பரீட்சைக்கு மனனம் செய்து எழுதியிருக்கிறோம். இரண்டு புள்ளி கிடைத்தது. அம்மாயி அதைப் "பழக்குறது" என்கிறார்.

கண்ணாடிக்குள் வளர்ந்த இலைக்கு என்ன குறை? மேல் தோலில் மெழுகுப் பூச்சு மெல்லியது. கோவா இலையைத் தேய்த்தால் விரலில் ஒட்டும் சாம்பல் நிறப் பூச்சு இருக்கிறதே, அது யன்னலோரத்துக் கோவாவில் சரியாக வராது. இலைவாய்கள் எப்போதும் ஈரக்காற்றிலேயே இருந்ததால், காற்றடிக்கும்போது சட்டென்று மூடிப் பழகவில்லை. வேர் உறிஞ்சுவதைவிட இலை இழப்பது அதிகமாகிச் செடி வாடுகிறது. அதோடு வெயில். யன்னல் வழியாக வெயில் வரத்தானே செய்தது என்று நாங்களும் நினைத்தோம். ஆனால் சூரிய ஒளியில் தோலை எரிக்கும் புறஊதாக் கதிர்களில் கடுமையான பகுதியைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. அந்தக் கதிர் உயரம் கூடக் கூட வலுக்கும். ஆயிரம் மீற்றருக்குப் பத்து வீதம், பன்னிரண்டு வீதம் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். குளிருகிறதே என்று நாம் சால்வை போர்த்திக்கொண்டிருக்கும் தை மாத நடுப்பகலிலும் நாற்றுக்குக் கடுமையான வெயில்தான். கொழுந்தெடுக்கும் அம்மாமாரின் கன்னத்தைப் பார்த்திருந்தால் இது எங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

கழுத்து மடிந்ததற்குக் காரணம் காற்று, இன்னும் சரியாகச் சொன்னால் காற்றே படாமல் வளர்த்தது. அசையாமல் வளரும் தண்டு நீளும், தடிக்காது. அசைவு பட்டால் குட்டையாகவும் தடிப்பாகவும் வளரும். 1973இல் ஜாஃபி என்ற தாவரவியலாளர், தினமும் தண்டைத் தடவிக்கொடுத்தாலே இந்த மாற்றம் வருவதைக் காட்டி அதற்கொரு நீண்ட பெயரும் வைத்தார். அதைப் படித்த பிறகு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். காலைக் கூட்டத்துக்கு முன் கொப்பி மட்டையால் நாற்றுத் தலைகளை இருபது தடவை மெதுவாகத் தடவிவிட வேண்டும். சண்டை போட்டுக்கொண்டு செய்கிறார்கள். எங்கள் பாடசாலையில் தாமதமாக வருவோர் தொகை குறைந்ததற்கு அதிபர் வேறு காரணம் சொல்வார். நாங்கள் இதைச் சொல்வோம்.

இப்போது எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறோம். நடுவதற்கு இரண்டு கிழமைக்கு முன் ஆரம்பம். முதலில் இரண்டு நாள் ஆய்வுகூட யன்னலை மட்டும் திறந்து வைக்கிறோம். அது அம்மாயியின் "முனை திறப்பது". மூன்றாம் நாள் விறாந்தை, நிழலில், பகல் முழுக்க வேண்டாம், இரண்டு மணித்தியாலம் போதும். பிறகு காலை வெயில். எட்டு மணிக்கு முந்திய வெயில் நாற்றை ஒன்றும் செய்யாது, பதினொரு மணி வெயில்தான் வில்லன். ஏழெட்டு நாளில் நடுப்பகல் வெயிலைத் தாங்கும். கடைசி மூன்று நாலு இரவு வெளியிலேயே நிற்கும். இந்த நாட்களில் தண்ணீரைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். மேல் மண் காய்ந்து, இலை சோர்வதற்குச் சற்று முன் ஊற்றுவது. யூரியாக் கரைசல் கூடவே கூடாது, அது திரும்பவும் மெதுவான இலையைத்தான் தரும்.

இது வறண்ட மாதத்துக்கு. ஆனி, ஆடியில் ஹட்டன் பக்கம் என்ன செய்வது? தென்மேல் பருவமழை தொடங்கினால் மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் வாரக்கணக்கில் வெயிலே தெரியாது. அப்போது வெயிலுக்குப் பழக்குகிறேன் என்று நாற்றை வெளியில் வைத்தால் மழைத்துளி அடித்தே சாயும், அடித்தண்டு அழுகும். அந்தப் பருவத்தில் கூரைத் தாவாரத்தின் கீழ், மழை படாமல் காற்று மட்டும் படும்படி வைக்கிறோம். அப்படிப் பழக்கிய பிறகும் ஆவணியில் திடீரென்று வெயில் வெளித்தால் ஒரு நாள் சாக்குப் போட்டு மூட வேண்டிவரும். நாட்காட்டியைப் பார்த்து அல்ல, வானத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

உறைபனிக்கு வருவோம். உயரத்துத் தோட்டங்களில் அது உண்மையான எதிரிதான். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் விழும். குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரிப் பள்ளத்துக்கு ஓடித் தேங்கும். அதனால் ஒரே தோட்டத்தில் மேட்டு லயத்தில் நாற்றுத் தப்பும், ஓடைக்கரைப் பாத்தியில் கருகும். நன்றாகப் பழக்கிய கோவாவும் லீக்ஸும் இலேசான உறைபனியைத் தாங்கும். குளிரில் பழகும்போது இலையில் சர்க்கரை சேர்வது அதற்கு ஒரு காரணம். தக்காளியும் கறிமிளகாயும் எவ்வளவு பழக்கினாலும் தாங்கா. அவற்றை மாசி முடியும்வரை உயரத்து வீடுகளுக்குக் கொடுப்பதையே நிறுத்திவிட்டோம். மற்றதற்கு மாலையில் மானாப்புல்லோ பழைய படங்கோ மூடி, காலையில் எடுக்க வேண்டும். மூடத் தவறினால் வெயில் படுமுன் எழுந்து பீலித் தண்ணீரைத் தெளித்து உறைபனியைக் கழுவிவிடுவது நுவரெலியாத் தோட்டக்காரர்களின் பழைய வழக்கம். நாங்களும் அதையே சொல்லிக் கொடுக்கிறோம்.

இத்தனையும் தெரிந்த பிறகு, இரண்டாம் முறை எல்லாம் சரியாகப் போனதா? போகவில்லை. பயந்துபோயிருந்தோமல்லவா, அதனால் அளவுக்கு மிஞ்சிப் பழக்கிவிட்டோம். நான்கு கிழமை வெளியில், தண்ணீரையும் கஞ்சத்தனமாக ஊற்றி. ஒன்றும் சாகவில்லை, அறுபது வீட்டிலும் பச்சையாக நின்றது. நாங்கள் வெற்றி என்று துள்ளினோம். ஆனால் கோவா நாற்றுகள் தண்டு முற்றி, ஊதா நிறமோடி, வளராமல் நின்று, மற்றவர்களுடையதைவிட மிகப் பிந்தித்தான் சுருண்டன. பூக்கோவா பெருவிரல் அளவில் பூத்து நின்றுவிட்டது. அம்மாயி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. தன் பேத்தியிடம்தான் ஏதோ சொன்னார். அவள் எங்களிடம் சொல்ல மறுத்துவிட்டாள்.

மூன்றாம் முறை 2024 வைகாசியில். அதற்கு அம்மாயியைப் பாடசாலைக்கே அழைத்துவந்து, விறாந்தையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அவர் உட்காரவில்லை. தட்டுத் தட்டாகப் போய் இலையை விரலால் மடித்துப் பார்த்து, "இது போகலாம், இது இன்னும் ரெண்டு நாள் நிக்கட்டும்" என்று பிரித்தார். பழகிய இலை மடித்தால் கொஞ்சம் எதிர்க்கும். பழகாத இலை துணி மாதிரி மடியும். இதை எந்தப் புத்தகத்திலும் நாங்கள் வாசித்ததில்லை. இப்போது பத்தாம் வகுப்பு விவசாய மாணவிகள் அந்த வேலையைச் செய்கிறார்கள். போஞ்சிக்கொடியைப் பிடுங்கிய அந்த அம்மாவின் வீட்டுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு நாங்களே போனோம். வாங்குவாரா என்று பயம்தான். வாங்கினார். ஆனால் இந்த முறை போஞ்சியைப் பிடுங்கவில்லை. பாத்தியின் ஓரத்தில் ஆறே ஆறு நட்டார். புத்திசாலி. ஆறும் சுருண்டன. அடுத்த தடவை முழுப் பாத்திக்கும் கேட்டு அனுப்பினார்.

கரட்டும் பீட்ரூட்டும் ஏன் கொடுப்பதில்லை என்று சிலர் கேட்டீர்கள். கரட்டை நேரே பாத்தியில் விதைப்பதுதான் முறை. பிடுங்கி நட்டால் கிழங்கு கவட்டையாகும். பீட்ரூட்டை நட்டுப் பார்க்க இன்னும் இடம் போதவில்லை.

கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் இருக்கும் நம் மூத்த அக்காமார் கடிதம் எழுதியிருந்தார்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறிப் போனவர்கள். அங்கேயும் தேயிலை, அங்கேயும் தை மாதத்தில் உறைபனி. அவர்கள் நாற்றுமேல் தேயிலைக் கவாத்துக் குச்சியைக் கூடாரமாகக் குத்துவார்களாம். நாங்கள் செய்து பார்த்தோம், நன்றாக இருக்கிறது. ரொறன்ரோ, லண்டன் தங்கைமார் வேறு வழி வைத்திருந்தால் எழுதுங்கள்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. தேநீருக்குப் பிறகு பழைய ஆய்வுகூட விறாந்தையில் நாற்று வைத்திருக்கிறோம், ஆளுக்கு ஆறு. கொழும்புக்குப் போகிறவர்கள் லீக்ஸ் எடுக்க வேண்டாம், அந்தச் சூட்டுக்கு அது ஒத்துவராது, கறிமிளகாய் எடுங்கள். வேனில் போகும்போது யன்னலோரம் வைக்காதீர்கள். வலது பக்கத்து மேசையில் சிவப்பு நூல் கட்டிய தட்டுகள் வெளியில் வந்து நான்கு நாள்தான் ஆகிறது, இன்னும் ஒரு கிழமை உங்கள் வீட்டுத் தாவாரத்தில் நிற்க வேண்டும். இடது பக்கத்துத் தட்டுகள் தயார், நாளை மாலையே நடலாம். தட்டை மட்டும் மறக்காமல் திருப்பி அனுப்புங்கள், அதன் விலை இப்போது இருமடங்கு.